டாக்டர் அம்மாவிடம் கேளுங்கள்: ஆபரேஷன் முடிந்த பிறகு

இரண்டு இதழ்களுக்கு முன், பிறந்து 2 நாளாகியும் காட்டுப்பீ (பிறந்த குழந்தையின் முதல் மலம்) போகாத குழந்தையைப் பற்றி ஒரு வாசகிக்கு நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு செல்கள் இல்லாமல் பிறப்பதால் மலம் அடைத்துக்கொள்கிற ஹிர்ஷ்பிரங் நோய் என்ற பெயரையும் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள் ஒரு செருப்புப் பெட்டி நிறைய என் மேசையில் இருக்கின்றன. ஏறத்தாழ 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிற நோய்தான். ஆனால் அந்த ஒரு குழந்தை இருக்கும் வீட்டில் இதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. மலம் சம்பந்தப்பட்டது அல்லவா, கூச்சம். அதனால் இந்த மாதம் வேறு எந்தக் கேள்வியும் இல்லை. சாப்பிட்டுக்கொண்டே பத்திரிகை படிக்கும் பழக்கமுள்ளவர்கள் கை கழுவிவிட்டு வாருங்கள்.

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு, என் மகனுக்கு 40 நாள் ஆகிறது. மூன்றாம் நாள்தான் காட்டுப்பீ போனான். வயிறு மத்தளம்போல் உப்பிவிடும். என் மாமியார் வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து வைத்தால் பீய்ச்சிக்கொண்டு போவான், வயிறு இறங்கிவிடும். இப்போது பயாப்சி எடுத்துவிட்டு, குடலில் நரம்பு இல்லை, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். மாசமாக இருந்தபோது நான் ஏதாவது தவறாகச் சாப்பிட்டுவிட்டேனா? ஆபரேஷன் செய்தால் முழுக்கச் சரியாகிவிடுமா?
- ஒரு தாய், அருப்புக்கோட்டை

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இன்றிரவாவது நீங்கள் தூங்க வேண்டும். இல்லை அம்மா. நீங்கள் சாப்பிட்டதும் காரணமில்லை, சாப்பிடாததும் காரணமில்லை. பப்பாளி, கிரகணம், நீங்கள் பஸ்ஸில் போன பயணம் எதுவும் காரணமில்லை.

நடந்தது இதுதான். குடல் தானாகச் சுருங்கி விரிந்து உணவைத் தள்ளுவதற்கு அதன் சுவருக்குள் நரம்பு செல்கள் வேண்டும். அவை குடலிலேயே முளைப்பவை அல்ல. கருவின் ஐந்தாம் வாரம்போல் மேலிருந்து கிளம்பி, குடல் வழியாகக் கீழ்நோக்கி நகர்ந்து, பன்னிரண்டாம் வாரத்துக்குள் மலக்குடலின் கடைசிவரை வந்து சேர வேண்டும். உங்கள் மகனுக்கு அந்தத் தேர் நிலைக்கு வராமல் நடுத்தெருவில் நின்றுவிட்டது. நின்ற இடத்துக்குக் கீழே உள்ள குடலுக்கு விரியத் தெரியாது, இறுகியே இருக்கும். 10 குழந்தைகளில் 8 பேருக்கு மலக்குடலும் அதற்கு மேலே உள்ள வளைவும் மட்டும்தான் இப்படி இருக்கும். சிலருக்குப் பெருங்குடல் முழுவதுமே இப்படி இருக்கும், அது கடினமான வகை. தேர் கிளம்பும்போது நீங்கள் கர்ப்பம் என்பதே உங்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. இதில் எங்கே உங்கள் தவறு?

மாமியாரையும் திட்ட வேண்டாம். அந்த வெற்றிலைக் காம்பு செய்ததைத்தான் நாங்கள் கையுறை போட்ட விரலால் செய்து பார்க்கிறோம். விரலை எடுத்ததும் காற்றும் மலமும் பீய்ச்சினால் எங்களுக்குச் சந்தேகம் வரும். சிக்கல் என்னவென்றால் காம்பு வேலை செய்துவிடுகிறது. அதனால் வீட்டில் எல்லாரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். காம்பும் எனிமாவுமாகவே 4 வயதுவரை வண்டி ஓட்டி, கையும் காலும் குச்சியாகி, வயிறு மட்டும் பானையாகி என்னிடம் வந்த பிள்ளைகள் உண்டு. உங்கள் பையன் 40 நாளிலேயே பிடிபட்டது நல்ல காலம்.

இந்த நோய்க்குப் பெயர் கொடுத்தவர் கோபன்ஹேகனில் குழந்தை மருத்துவராக இருந்த ஹரால்ட் ஹிர்ஷ்பிரங். ஒரு வயது முடியும் முன்பே இறந்துபோன 2 குழந்தைகளின் குடலைப் பற்றி 1886-இல் பெர்லினில் ஒரு கூட்டத்தில் பேசினார். பெரிதாக வீங்கியிருந்த குடலைப் பார்த்து, நோய் அங்கேதான் என்று நினைத்தார். அவருக்குப் பின் வந்தவர்களும் வெகுகாலம் அப்படியே நினைத்து, வீங்கிய பகுதியை வெட்டிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. உங்கள் ஊர்ப்பக்கம் கண்மாய் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மடை அடைத்துக்கொண்டால் கண்மாய்தான் நிறைந்து தளும்பும், ஆனால் பழுது மடையில். வீங்கிய குடல் நல்ல குடல். அதற்குக் கீழே, பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லாத ஒல்லியான பகுதிதான் நோயுள்ளது. பாஸ்டனில் ஓர்வார் ஸ்வென்சன் என்ற அறுவை மருத்துவர் இதைச் சரியாகப் பிடித்தார். வயிற்றில் துளையிட்டு மலத்தை வெளியே திருப்பிவிட்டால் குழந்தை தேறுகிறது, துளையை மூடினால் பழைய கதை திரும்புகிறது என்பதைக் கவனித்தார். அந்த ஒல்லிப் பகுதியை எடுத்துவிட்டு, நல்ல குடலைக் கீழே இழுத்து ஆசனவாயோடு தைக்கும் முறையை 1948-இல் வெளியிட்டார். உங்கள் மகனுக்குச் செய்யப்போவதும் அதன் ஏதோ ஒரு வாரிசு முறைதான். ஸ்வென்சன் 103 வயதுவரை வாழ்ந்து 2012-இல் காலமானார். தான் ஆபரேஷன் செய்த குழந்தைகள் தாத்தாவாகிற வயதுவரை இருந்துவிட்ட மனிதர்.

இரண்டாவது கேள்வி, முழுக்கச் சரியாகிவிடுமா என்பது. அடைப்பு நீங்கும், வயிறு இறங்கும், பிள்ளை எடை போடும். ஆனால் நீங்கள் கேட்கிற "முழுக்க" என்பது ஆபரேஷன் தியேட்டரில் கிடைப்பதல்ல, அதற்குச் சில வருடங்கள் ஆகும். மலத்தைச் சேமித்துவைத்து நேரம் பார்த்து வெளியேற்றுவது மலக்குடலின் வேலை. அந்த இடத்தில் நாங்கள் உட்கார வைப்பது அந்த வேலை பழகாத வேறொரு குடலை. ஆரம்பத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து முறைகூடப் போகும். தொடை இடுக்கு வெந்துபோகும். துத்தநாக ஆக்சைடு களிம்பை ஆபரேஷனுக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், புண் வந்தபின் தடவுவதைவிட முதல் நாளிலிருந்தே தடிமனாக அப்புவது நல்லது. சில மாதங்களில் எண்ணிக்கை குறையும். மீதியை மூன்றாவது கடிதத்துக்கான பதிலில் படியுங்கள். இன்று வேண்டாம், பையனுக்கு 3 வயதாகும்போது எடுத்துப் படியுங்கள்.

டாக்டர் அம்மா, எங்கள் குழந்தைக்கு முதலில் வயிற்றில் ஓட்டை போட்டுப் பை வைத்திருக்கிறார்கள், 6 மாதம் கழித்து அடுத்த ஆபரேஷன். என் சகலையின் நண்பர் குழந்தைக்கோ வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லாமல் ஒரே தடவையில் முடித்துவிட்டார்களாம். எங்களை ஏமாற்றுகிறார்களா? எந்த முறை சிறந்தது?
- ஒரு தகப்பன், பட்டுக்கோட்டை

ஏமாற்றவில்லை, தம்பி. ஆசனவாய் வழியாகவே முழு ஆபரேஷனையும் முடிக்கும் முறையை 1998-இல் மெக்சிகோ மருத்துவர்கள் வெளியிட்டார்கள். நோயுள்ள பகுதி குட்டையாக, குழந்தை திடமாக, மேலே உள்ள குடல் அதிகம் வீங்காமல் இருந்தால் அது அருமையான வழி. உங்கள் குழந்தை எந்த நிலையில் வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. குடல் அழற்சியோடு, காய்ச்சலோடு, ஊதிப்போன குடலோடு வந்திருந்தால் பை வைத்தவர் புத்திசாலி. வீங்கிய குடலை இழுத்துத் தைத்தால் தையல் விட்டுப்போகும். பை என்பது குடலுக்குக் கொடுத்த ஓய்வு. 6 மாதம் அதைச் சுத்தம் செய்வது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும், குறிப்பாகச் சித்திரை வெயிலில் ஒட்டுப்பசை நிற்காது. தோலை நன்றாகக் காயவைத்து ஒட்டுங்கள்.

ஸ்வென்சன் முறை, துஹமெல் முறை, சோவே முறை என்று மூன்று பெயர்களைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்து எது நல்லது என்று கேட்கும் பெற்றோர் இப்போது அதிகம். இட்லிக்கு எந்த அரிசி என்பதைப்போல இதற்கு ஒரே பதில் கிடையாது. உங்கள் மருத்துவருக்கு எது கை பழகியதோ அது நல்லது. நீங்கள் கேட்க வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, இழுத்துத் தைக்கப்போகும் இடத்தில் நரம்பு செல் இருக்கிறதா என்று ஆபரேஷன் நடக்கும்போதே துண்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பீர்களா? பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்து முடிவு செய்வது சூதாட்டம். மற்றொன்று, தையல் எந்த இடத்தில் வரும்? ஆசனவாய்க்குச் சற்று உள்ளே பல்வரிசை போல ஒரு கோடு உண்டு. வந்திருப்பது காற்றா, தண்ணீரா, மலமா என்று உணர்ந்து சொல்கிற இடம் அதுதான். உங்களுக்கும் எனக்கும் பஸ்ஸில் கௌரவமாக உட்கார முடிவது அந்தக் கோட்டின் தயவால். தையல் அதற்கு மேலேதான் இருக்க வேண்டும், கோட்டைத் தொடக்கூடாது. இந்த இரண்டையும் கேட்டால் நல்ல மருத்துவர் கோபப்படமாட்டார், படம் வரைந்து காட்டுவார்.

அம்மா, என் மகனுக்கு 6 வயது. நான்காவது மாதத்தில் ஆபரேஷன் ஆனது. நன்றாகச் சாப்பிடுகிறான், உயரமாகவும் இருக்கிறான். ஆனால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை டவுசரில் மலம் கசிந்துவிடுகிறது. கேட்டால் தெரியவில்லை என்கிறான். வேண்டுமென்றே செய்கிறான் என்று அவன் அப்பா அடிக்கிறார். பள்ளியில் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் காட்டினால் "ரிசல்ட் நன்றாக இருக்கிறது, வளர வளரச் சரியாகும்" என்கிறார். எது நன்றாக இருக்கிறது?
- பெயர் வேண்டாம், கோயம்புத்தூர்

உங்கள் கடைசி வாக்கியம் எனக்கும் சேர்த்துத்தான். அதைச் சொல்லிவிட்டு மற்றதுக்கு வருகிறேன்.

அரசு மருத்துவமனையில் வேலை பார்த்த நாளில் என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. ஆபரேஷன் செய்த குழந்தைகள் மறுபரிசோதனைக்கு வரும்போது "நன்று", "சுமார்", "மோசம்" என்று ஒரு வார்த்தை எழுதுவேன். மலம் போகிறதா, வயிறு உப்பவில்லையா, எடை ஏறியிருக்கிறதா, சரி, "நன்று". ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வருடாவருடம் வருவான், ஒவ்வொரு வருடமும் "நன்று". ஒரு முறை நான் எழுதி முடித்து அடுத்த சீட்டை எடுத்தபோது அவன் அம்மா எழுந்திருக்கவில்லை. அவனுடைய பள்ளிக்கூடப் பையைத் திறந்து என் மேசைமேல் கவிழ்த்தார். இரண்டு டவுசர், ஒரு பிளாஸ்டிக் உறை, ஒரு சோப்பு டப்பா. புத்தகம் ஒன்றுதான் இருந்தது. "இதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?" என்று கேட்டார். பையன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு என் நோட்டில் கேள்விகள் மாறின. பள்ளிக்குப் போகிறானா, சுற்றுலாவுக்குப் போனானா, அத்தை வீட்டில் இரவு தங்குவானா. அப்படிப் பார்த்தால் என்னுடைய பழைய "நன்று"களில் கணிசமானவை "சுமார்" ஆகிவிட்டன. உலகம் முழுவதும் இதே கதைதான். கசிவு எத்தனை பேருக்கு என்று வெளியாகிற கணக்குகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பதற்கு ஒரு காரணம், எதைக் கசிவு என்று எண்ணுவது, யாரிடம் கேட்பது என்பது ஊருக்கு ஊர் வேறு.

இப்போது உங்கள் பையன். அடிப்பதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. நாள் முழுவதும் ஒரே மணத்தில் இருக்கும் மூக்குக்கு அது உறைக்காமல் போவதும் உண்டு, பூக்கடைக்காரருக்கு மல்லிகை மணக்காததுபோல. அவன் பொய் சொல்லவில்லை.

டவுசரில் படுவது ஒரே கறைதான், ஆனால் அது இரண்டு நேர்மாறான காரணங்களால் வரும். ஒருவகைக் குழந்தைக்கு உள்ளே மலம் கட்டிச் சேர்ந்துவிடுகிறது. அந்தக் கட்டியைச் சுற்றி இளக்கமாக இருப்பது வழிந்து வெளியே வருகிறது. நிரம்பிய குடம் வழிவதுபோல. பெற்றோர் இதைப் பேதி என்று நினைத்து மருந்து கொடுப்பார்கள், இன்னும் கட்டும். இன்னொருவகைக் குழந்தைக்குக் குடல் வேகமாக ஓடுகிறது, சேர்ப்பதற்கு மலக்குடல் இல்லை, இறுக்கிப் பிடிக்கும் தசையோ உணர்வோ குறைவு. இவனுக்கு மலமிளக்கி கொடுத்தால் நிலைமை மோசமாகும். இரண்டில் எது என்று அறிய வயிற்றில் ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுத்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். இதை எடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கட்டிப்போகிற வகை என்றால் ஏன் கட்டுகிறது என்று பார்க்க வேண்டும். தைத்த இடம் சுருங்கிவிட்டதா என்று விரல் வைத்துப் பார்ப்பார்கள். கீழே இழுத்த குடலிலேயே நரம்பு செல் போதாமல் இருக்கிறதா என்று பழைய பயாப்சி அறிக்கையைத் தேடிப் பார்ப்பார்கள், தேவையானால் புதிதாக எடுப்பார்கள். சிலருக்கு ஆசனவாயின் உள்சுருக்குத் தசை தளர மறுக்கும், அதற்கு போட்டாக்ஸ் ஊசி உண்டு. ஆம், சினிமாக்காரர்கள் நெற்றியில் போட்டுக்கொள்வதாகச் சொல்கிறார்களே, அதே மருந்து. குடலில் கோளாறு மிச்சம் இருந்தால் மறு ஆபரேஷன் செய்ய வேண்டிவரும். அதைக் கேட்டு அரள வேண்டாம், ஆனால் காரணம் கண்டுபிடிக்காமல் யாராவது கத்தியை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

காரணம் எதுவானாலும் வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உணவு இரைப்பையில் விழுந்ததும் பெருங்குடல் விழித்துக்கொள்ளும், இது எல்லார் உடம்பிலும் இருக்கிற ஏற்பாடு. காலைச் சாப்பாடு முடிந்த கால் மணி நேரத்துக்குள்ளும், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் உட்கார வையுங்கள். நம் ஊர்க் குத்துக்கால் கழிவறை இதற்கு நல்லது. மேல்நாட்டுக் கழிவறை என்றால் காலுக்கு ஒரு சிறு மணை போடுங்கள், தொங்குகிற காலோடு யாராலும் முக்க முடியாது. போனானா இல்லையா என்பதற்கல்ல, உட்கார்ந்ததற்குப் பாராட்டுங்கள். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் இது நடக்காது, அரை மணி நேரம் முன்னதாக எழுப்புங்கள். முனகுவான், முனகட்டும்.

அதுவும் போதவில்லை என்றால் தினம் ஒரு முறை எனிமா. ஒரு வாரம் மருத்துவமனைக்குத் தினமும் வந்து, எக்ஸ்ரே பார்த்து, எவ்வளவு உப்புநீர், எதைக் கலப்பது என்று கூட்டிக் குறைத்து அளவு கண்டுபிடிக்க வேண்டும். ஆல்பர்ட்டோ பென்யா என்ற அறுவை மருத்துவர் இந்த ஒழுங்குமுறையைப் பரப்பினார். தத்துவம் எளிது: மாலையில் பெருங்குடலைச் சுத்தமாகக் காலி செய்துவிட்டால் மறுநாள் மாலைவரை கசிவதற்கு உள்ளே ஒன்றும் இருக்காது. குழந்தை கொஞ்சம் பெரியவனாகிப் பின்னால் குழாய் வைக்க விடமாட்டேன் என்னும்போது, குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) வழியாக மேலிருந்து தண்ணீர் விடும் ஏற்பாடு இருக்கிறது. பிரிட்டனில் மலோன் என்ற மருத்துவர் 1990-இல் வெளியிட்ட முறை. தொப்புளில் மறைவாக ஒரு சிறு துளை, பையன் தானே கழிவறையில் உட்கார்ந்து தண்ணீர் விட்டுக்கொள்வான். ஒன்றுக்கும் உதவாத உறுப்பு என்று குடல்வாலை வேறு ஏதாவது ஆபரேஷனின்போது போகிற போக்கில் எடுத்துவிட வேண்டாம் என்று நான் சொல்வது இதற்குத்தான்.

வளர வளரச் சரியாகும் என்றதும் பொய்யில்லை. பத்து வயதுக்கு மேல் பலருக்குக் குறைகிறது, குடலும் பழகுகிறது, பையனும் சாமர்த்தியசாலி ஆகிறான். ஆனால் 6 வயதிலிருந்து 10 வரை பள்ளிக்கூடம் இருக்கிறதே, அதை யார் திருப்பித் தருவார்கள்? இப்போதே எனிமாவைத் தொடங்கலாம். பின்னால் தேவைப்படாவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். வகுப்பு ஆசிரியையைத் தனியே பார்த்து, நோயின் பெயரைச் சொல்லி, கேட்காமலே எழுந்து போக அனுமதி வாங்குங்கள். ஆசிரியைகள் பெரும்பாலும் நல்லவர்கள், யாரும் சொல்லாததால் தெரியாமல் இருக்கிறார்கள்.

ஐயா/அம்மா, என் பேரனுக்கு ஒன்றரை வயது. ஆபரேஷன் முடிந்து 8 மாதம். போன மாதம் வயிறு உப்பி, காய்ச்சல் அடித்து, நாற்றமாகத் தண்ணீர்போல் போனது. மருந்துக்கடையில் பேதி நிற்க மருந்து வாங்கிக் கொடுத்தோம். பேதி நின்றது, மறுநாள் குழந்தை துவண்டுவிட்டான். தீவிர சிகிச்சைப் பிரிவில் 9 நாள் இருந்து பிழைத்தான். ஆபரேஷன் ஆன பிறகும் இப்படி வருமா?
- ஒரு தாத்தா, நெல்லை மாவட்டம்

வரும் ஐயா. இதைத்தான் எல்லாரும் கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டி வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

வயிறு உப்புசம், காய்ச்சல், பீய்ச்சியடிக்கும் துர்நாற்றப் பேதி. இந்த நோயுள்ள குழந்தைக்கு இவை சேர்ந்து வந்தால் அது சாதாரண வயிற்றுப்போக்கு அல்ல, குடல் அழற்சி. தேங்கிய குடலில் கிருமிகள் பெருகிச் சுவரைத் தின்று இரத்தத்துக்குள் இறங்கிவிடும். இந்த நோயில் குழந்தைகள் இறப்பதற்கு முக்கியக் காரணமே இதுதான். ஆபரேஷனுக்கு முன்பும் வரும், பின்பும் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வருகிறது, பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு இன்னும் சுலபமாக வரும், அவர்கள் வீட்டில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

பேதியை நிறுத்தும் மருந்து விஷத்தை உள்ளேயே பூட்டிவிடுகிறது. உங்கள் பேரன் துவண்டது அதனால்தான். செய்ய வேண்டியது, வாய்வழி உணவை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனை. 108-ஐக் கூப்பிடத் தயங்க வேண்டாம். அங்கே நரம்பில் திரவமும் மெட்ரோநிடசோல் போன்ற மருந்தும் ஏற்றி, மெல்லிய ரப்பர் குழாய் வைத்துக் குடலைக் கழுவுவார்கள். இந்தக் கழுவுதலை ஒரு பாட்டியோ தாயோ கற்றுக்கொண்டு போனால் பாதி உயிர் காப்பாற்றப்பட்டது மாதிரி. கற்றுக்கொள்ளும்போது ஒன்றை மறக்காதீர்கள். பாட்டிலில் வருகிற உப்புநீர்தான், நார்மல் சலைன் என்று கேட்டு வாங்குங்கள். வெறும் குழாய்த் தண்ணீரை விட்டால் குடல் அதை உறிஞ்சி, இரத்தத்தில் உப்புக் குறைந்து வலிப்பு வந்துவிடும். விட்ட தண்ணீர் அவ்வளவும் திரும்ப வர வேண்டும், எனிமாவுக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம்.

இரவுப் பணி மருத்துவர் புதியவராக இருந்தால் "வயிற்றுப்போக்கு" என்று எழுதி உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து அனுப்பக்கூடும். எனக்கும் பயிற்சிக்காலத்தில் அப்படி ஒரு குழந்தையை அனுப்பப் பார்த்த அனுபவம் உண்டு. ஓடிவந்து தடுத்தவர் வார்டின் மூத்த நர்ஸ். ஆகவே வாசலிலேயே நோயின் பெயரைச் சொல்லுங்கள். வாயில் நுழையாத பெயர்தான், பத்து முறை சொல்லிப் பழகுங்கள்.

டாக்டர், எனக்கு 27 வயது. ஒரு வயதில் இந்த ஆபரேஷன் நடந்தது. சில உணவுகளுக்குப் பிறகு அவசரமாகப் போக வேண்டும், மற்றபடி தொந்தரவு இல்லை. வீட்டில் பெண் பார்க்கிறார்கள். என் குழந்தைக்கு வருமா? பெண் வீட்டில் சொல்ல வேண்டுமா? இல்லற வாழ்க்கைக்குத் தடை உண்டா?
- திருப்பூர் வாசகர்

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், அதைத்தான் முதலில் கேட்க நினைத்திருப்பீர்கள். மலக்குடலைச் சுற்றி இடுப்புக்குள் ஓடும் மெல்லிய நரம்புகள்தான் சிறுநீர், ஆண்மை இரண்டுக்கும் காவல். அதனால்தான் குடல் சுவரை ஒட்டியே பிரித்தெடுக்கும்படி எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பாதிப்பில்லை. உங்களுக்கு இருந்திருந்தால் 27 வயதில் நீங்களே அறிந்திருப்பீர்கள். சந்தேகம் இருந்தால் ஒரு சிறுநீரகவியல் நிபுணரைப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பரம்பரை பற்றி. இது ஆண் குழந்தைகளுக்கு நான்கு மடங்கு அதிகமாக வருகிறது. ரெட் என்ற மரபணுவில் வரும் மாற்றத்துக்கு இதில் பெரிய பங்குண்டு என்பது 1994-இல் தெரியவந்தது. ஆனால் ஒரே மரபணுவின் வேலை அல்ல, பல சேர்ந்து செய்வது. கூடப்பிறந்தவர்களுக்கு வரும் வாய்ப்பு மொத்தத்தில் 100-க்கு 4 என்ற அளவு. குடலில் நீளமான பகுதி பாதிக்கப்பட்ட குடும்பங்களில் அதைவிடக் கூடுதல். உங்கள் பிள்ளைக்கும் ஊரில் மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம்தான், ஆனால் வராமல் இருக்கவே வாய்ப்பு மிக அதிகம். மரபியல் ஆலோசனை ஒரு முறை பெறுங்கள். குழந்தை பிறந்ததும் 48 மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். காட்டுப்பீ போகவில்லை என்றால் வெற்றிலைக் காம்பைத் தேட உங்களைத் தவிர உலகில் எல்லாருக்கும் உரிமை உண்டு.

பெண் வீட்டில் சொல்வதைவிடப் பெண்ணிடம் சொல்லுங்கள். பேசி முடிப்பதற்கு முன்பு, நீங்களே, தனியாக. வயிற்றில் தழும்பு இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு அதற்கு ஒரு கதை கட்டுவதைவிட இது சுலபம். கேட்டுவிட்டு வேண்டாம் என்கிற பெண்ணோடு எப்படியும் ஒத்துப்போயிருக்காது என்பது என் அபிப்பிராயம். இது மருத்துவம் அல்ல, வயதானவள் சொல்வது.

அவசரம் எந்த உணவுக்குப் பிறகு வருகிறது என்று இரண்டு வாரம் எழுதிவையுங்கள். பாலும் அதிக இனிப்புப் பானங்களும் பலருக்குக் காரணமாக இருக்கும்.

சின்னச் சின்னக் கேள்விகள்

ஆபரேஷன் இல்லாமல் சூரணத்தால் குணமாகுமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. இல்லாத நரம்பு செல்லை எந்த மருந்தும் முளைக்க வைக்காது.

கீரையும் வாழைப்பழமும் நிறையக் கொடுக்கலாமா (பழனி வாசகி)? வழக்கமான மலச்சிக்கலுக்கு நல்லது. இந்தக் குழந்தைகளில் மலம் கட்டி உப்புகிறவர்களுக்கு நார்ச்சத்தைத் திணித்தால் அடைப்புமேல் வைக்கோல் போட்டதுபோல் ஆகிவிடும். எக்ஸ்ரே பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டிய விஷயம்.

பணம் (பலர்). மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகள் அறுவைப் பிரிவு இருக்கிறது. சென்னை எழும்பூரில் அரசுக் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே அங்குள்ள காப்பீட்டு உதவியாளரிடம் காட்டிக் கேளுங்கள், பிறகு அல்ல.

எத்தனை வயதுவரை மறுபரிசோதனைக்கு வர வேண்டும் (இராமநாதபுரம் வாசகி)? அவன் உங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தானே உள்ளே வந்து பேசும் வயதுவரை.

இனி எழுதுகிறவர்கள், ஆபரேஷன் குறிப்பு, பயாப்சி அறிக்கை இரண்டின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள். அந்தக் காகிதங்களைத் தொலைத்துவிட்டதாக இந்தப் பெட்டியில் மட்டும் 11 பேர் எழுதியிருக்கிறீர்கள். இன்றே போய் மருத்துவமனை ஆவணப் பிரிவில் கேளுங்கள், பழைய கோப்புகளை அவர்கள் எந்நாளும் வைத்திருக்கமாட்டார்கள். கிடைத்ததும் போட்டோ எடுத்துக் குடும்பத்தில் மூன்று பேர் தொலைபேசியில் போட்டு வையுங்கள். கோயம்புத்தூர்த் தாய் மட்டும் எக்ஸ்ரே எடுத்த பிறகு மறுபடி எழுத வேண்டும், அடுத்த இதழுக்குக் காத்திருக்க வேண்டாம், நேரடியாகப் பதில் போடுகிறேன்.